துள்ளும் தாளத்தில் துயரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடிமை ஒழிப்புப் போராளி ஃப்ரெடரிக் டக்ளஸின் சொற்களை வைத்து பிலடெல்பியாப் பாடகி ரூத் நயோமி ஃப்ளாய்ட் ஜாஸ் படைப்புகள் அமைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தேடிக் கேட்டேன். மனம் ஒட்டவில்லை. ஜாஸ் என்றாலே எனக்கு ஓட்டல் வரவேற்பறையில் மெல்ல ஒலிக்கும் இசைதான். சவுக்கடி பட்ட ஒருவரின் சொற்களை அந்த இசையில் பாடுவது மரியாதையா? உரைகளை அப்படியே வாசித்தால் போதாதா? தவிர, எழுத எவ்வளவோ இருக்க, அமெரிக்கர்களைப் பற்றி ஏன் இத்தனை?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்குப் பலமுறை பதில் எழுதியாயிற்று, விட்டுவிடுகிறேன். உரைகளைத் தாராளமாக வாசியுங்கள். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில், உங்கள் சுதந்திர தினம் அடிமைக்கு என்ன என்று டக்ளஸ் கேட்ட உரையை வாய்விட்டுப் படித்தால் உங்கள் குரலே தழுதழுக்கும்.

ஆனால் அந்த ஓட்டல் வரவேற்பறை! அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் மட்டுமல்ல. பாட்டைக் கேட்டதும் பாடுகிறவன் சுகமாக இருக்கிறான் என்று முடிவு கட்டிவிடும் காதுகள் எல்லாவற்றின் மேலும். இந்தக் காதோடு டக்ளஸ் 1845-லேயே சண்டை போட்டிருக்கிறார்.

அந்த ஆண்டு வெளிவந்த அவருடைய முதல் தன்வரலாற்றின் இரண்டாம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். மேரிலாந்துப் பண்ணை. மாதப்படி வாங்கப் பெரிய பண்ணை வீட்டுக்கு அடிமைகள் நடந்து போகிறார்கள். வழியெல்லாம் அடர்ந்த காடு அதிரும்படி பாடுகிறார்கள். நடந்தபடியே இட்டுக்கட்டிய பாட்டு. மிகத் துயரமான சொல்லை மிகக் குதூகலமான குரலிலும், குதூகலமான சொல்லை உருக்கும் குரலிலும் பாடுவார்கள் என்கிறார் டக்ளஸ். நீங்கள் அவமரியாதை என்று நினைக்கிறீர்களே, அது அவர் பிறந்த மண்ணிலேயே இருந்தது. வடக்கே தப்பி வந்த பிறகு, அடிமைகள் பாடுவதை அவர்கள் நிறைவாக வாழ்வதற்கு அடையாளமாகப் பேசியவர்களைப் பார்த்து அவர் திகைத்துப் போனார். துன்பம் மிகும்போதுதான் அடிமை மிகுதியாகப் பாடுகிறான் என்று எழுதினார். அடிமைமுறையின் கொடுமையை உணர்த்தத் தத்துவ நூல்களைவிட அந்தப் பாட்டைக் காதால் கேட்பதே மேல் என்றும் எழுதினார். எழுதும்போதே கன்னத்தில் கண்ணீர் வழிந்ததையும் மறைக்கவில்லை. அவர் வயலின் வாசித்தவர். பேரன் ஜோசப் கச்சேரி வயலின் கலைஞராகவே ஆனார். இசை அவருக்கு அலங்காரமல்ல.

சொற்களை அட்சர சுத்தமாகப் பாடினால் மட்டுமே மரியாதை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். டிரம் கலைஞர் மேக்ஸ் ரோச் 1960-இல் பதிவுசெய்த விடுதலைத் தொகுப்பில், கங்காணியைப் பற்றி ஒரு பாட்டு வருகிறது. ஐந்து எண்ணிக்கைத் தாளம். ஒவ்வொரு சுற்றின் முதல் எண்ணிலும் டிரம் விளிம்பில் ஓர் அடி, சவுக்கு சுளீரென்று விழுவதைப் போல. கோல்மன் ஹாக்கின்ஸ் டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறார். ஓரிடத்தில் வாத்தியம் கீச்சிட்டுவிடுகிறது. வெட்டித் திருத்தலாமே என்றபோது அந்த மூத்த கலைஞர் மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட பாட்டில் எல்லாம் கச்சிதமாக இருந்தால் எங்கோ பெரிய தவறு இருக்கிறது என்றார். அந்தக் கீச்சு இன்றும் அப்படியே இருக்கிறது. அதுதான் மரியாதை.

அதே தொகுப்பில் பிரார்த்தனை, எதிர்ப்பு, அமைதி என்று மூன்று பகுதிகளாக ஒரு படைப்பு உண்டு. ரோச்சின் டிரம்மும் அபே லிங்கனின் குரலும் மட்டும். ஒரு சொல்கூடக் கிடையாது. நடுப்பகுதியில் அந்தப் பாடகி அலறுகிறார், ஒரு நிமிடத்துக்கும் மேலாக. சென்னையில் ஒண்டுக்குடித்தன அறையில் இருந்த நாட்களில், ஓர் இரவு இதைச் சத்தமாக வைத்திருந்தேன். மாடியில் இருந்த பாட்டி படியிறங்கி ஓடிவந்து கதவைத் தட்டினார். "யாரைப்பா அடிக்கிறீர்கள்? விடுங்களப்பா அந்தப் பெண்ணை!" அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஜாஸ் என்று ஒன்று இருப்பதும் தெரியாது. பாட்டு என்று சொல்லி உள்ளே அழைத்துக் காட்டினேன். நம்பாமல் கட்டிலுக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார். காதால் கேட்டாலே போதும் என்று டக்ளஸ் நம்பினாரே, அந்தக் காது பாட்டிக்கு இருந்தது. இத்தனை படித்த உங்களுக்கு ஏன் இல்லாமல் போக வேண்டும்?

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது. உறுத்தியதை மறைக்காமல் எழுதினீர்கள்; அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காமலே பாராட்டி எழுதும் கடிதங்களைவிட உங்கள் கடிதம் எனக்கு வேண்டியவர் எழுதியது போல இருந்தது.

இரண்டாம் அத்தியாயம் சில பக்கங்கள்தான், இன்றிரவே படித்துவிடுங்கள். பிறகு ரோச்சின் தொகுப்பை முழுக்கக் கேளுங்கள், வேறு வேலை செய்துகொண்டே அல்ல. அதன் பிறகு ஃப்ளாய்டிடம் திரும்பிப் போங்கள். அப்போதும் மனம் ஒட்டவில்லை என்றால் எந்த இடத்தில் ஒட்டவில்லை என்று குறித்து எழுதுங்கள், பேசுவோம்.

அன்புடன்.