ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் இறக்கை நனையுமா?

கேள்வி: சேலத்தில் விமானப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். இறக்கையில் பனிக்கட்டி படிவது பற்றிய புராஜெக்ட். 50 மி.மீ. விட்டமுள்ள உருளையை ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் நிறுத்தி, மோதும் நீர்த்துளிகளை அளக்கலாமா?

பதில்: மலையேறிப் பயனில்லை. துளி விட்டத்தின் வர்க்கத்தை நீரின் அடர்த்தியாலும் காற்றின் வேகத்தாலும் பெருக்குங்கள். அதை 18, காற்றின் பாகுநிலை (விஸ்காசிட்டி), உருளையின் ஆரம் மூன்றின் பெருக்கத்தால் வகுங்கள். விடை 1/8-க்குக் கீழே போனால் துளிகள் காற்றோடு வளைந்து நழுவிவிடும். இது அமெரிக்க விஞ்ஞானிகள் லாங்மியூரும் பிளாட்ஜெட்டும் 1940-களில் போட்ட கணக்கு. 10 மைக்ரான் துளி, நொடிக்கு 3 மீட்டர் காற்று என்றால் உங்கள் உருளைக்கு 0.04 தான். அதே பனிமூட்டத்தில் 2 மி.மீ. விட்டக் கம்பிக்கு 0.9. சிலந்தி வலை முத்துக் கோத்து நிற்பது இதனால்தான்.

கல்லூரி விண்ட் டனலே (காற்றுச் சுரங்கம்) போதும். மோதலை மட்டும் அளக்கக் குளிரும் வேண்டாம். 20 மைக்ரான் துளி, நொடிக்கு 20 மீட்டர் வேகம் என்றால் மேலே சொன்ன எண் 1-ஐத் தொடும்; உருளையின் முன்கோட்டில் பிடிப்பு வீதம் (எதிரே வரும் நீரில் அங்கே மோதும் பங்கு) 0.4 அருகே வர வேண்டும். லிட்டருக்கு 3 கிராம் பிரில்லியன்ட் புளூ சாயம் கரைத்து (மளிகைக் கடை கலர் பொடி வேண்டாம், அதில் பாதிக்கு மேல் உப்பு இருக்கலாம்), உருளையில் பிளாட்டிங் பேப்பர் (மை உறிஞ்சும் தாள்) சுற்றி, நாசில் வழியாகக் காற்றோட்டத்தில் 10 நொடி தெளியுங்கள். தாள் பளபளத்தால் நிறுத்திவிடுங்கள். நீர் வழிந்தோடினால் அளவு கெட்டது. 5 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் 5 மி.லி. நீரில் ஊறவைத்து, 630 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள்; ஒவ்வொரு துண்டும் பிடித்த சாயம் எவ்வளவு என்று அது சொல்லும். உருளையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 3 மி.மீ. அகலத் தாள் பட்டையை வைத்து மறுபடி தெளித்தால் ஒப்பீட்டு அளவு கிடைக்கும். அதுவும் எல்லாத் துளியையும் பிடிக்காது, திருத்திக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது ஆவியாதலில். சேலத்து ஏப்ரல் மதியத்தில் ஈரக்குமிழ் வெப்பமானி (குமிழில் ஈரத்துணி சுற்றியது) சாதாரண வெப்பமானியைவிட 14 டிகிரி குறைத்துக் காட்டினால், 20 மைக்ரான் துளி அரை நொடிகூடத் தாங்காது. நாசிலிலிருந்து 2 மீட்டர் வருவதற்குள் 17 மைக்ரானாகிவிடும். அந்த எண் கால் பங்குக்கு மேல் சரியும். சாயம் ஆவியாகாததால் தாள் இதைக் காட்டிக்கொடுக்காது, பிடிப்பு வீதம் மட்டும் காரணம் தெரியாமல் குறையும். விடியற்காலையில் செய்யுங்கள்.

துளி அளவை நாசில் அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள். மெக்னீசியம் நாடாவை எரித்து (சுடரை நேராகப் பார்க்க வேண்டாம்), அந்த வெண்புகையைக் கண்ணாடிச் சில்லில் படியவிட்டு, உருளை இருந்த இடத்தில் கண நேரம் காட்டுங்கள். மைக்ராஸ்கோப்பில் தெரியும் குழியின் விட்டத்தை 0.86 ஆல் பெருக்கினால் துளியின் விட்டம். உங்கள் ஊர் மேக்னசைட்டை (மெக்னீசியத் தாது) அரைத்துப் பூசினால் இது நடக்காது. புகைப் படிவின் மென்மை அரைத்த பொடிக்கு வராது.