அரசு பள்ளிக்கூடத்துல வாத்தியக் குழு ஆரம்பிக்கணும், ஸ்பான்சர் ரெடி, என்னென்ன வாத்தியம் வாங்கலாம்?

நான் கடலூர் பக்கம் ஒரு அரசு பள்ளில புல்லாங்குழல் சொல்லித் தர்றேன், அதனால உரிமையோட சொல்றேன், லிஸ்ட் போடறத நிறுத்திட்டு முதல்ல வாத்தியாருக்கு மாசாமாசம் சம்பளம் எங்கேர்ந்து வரும்னு பாருங்க. 2012ல பகுதி நேர ஆசிரியர்கள எடுத்தப்ப மாசம் 5,000 ரூபாய்தான் கொடுத்தாங்க, அதுல யாரு குடும்பம் நடத்துறது? ஆள் நிக்கலன்னா வாத்தியமெல்லாம் லேப் பீரோவுல பூட்டுக்குள்ள போயிடும்.

ஆள் கிடைக்காம இல்ல. கடலூர்லயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு, சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுச்சேரி பக்கம்னா அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடம், இங்கெல்லாம் படிச்சு முடிச்சுட்டு கல்யாணக் கச்சேரிய நம்பி இருக்கிற புள்ளைங்க எத்தனையோ பேர். பண்ருட்டி பலா மரம் வீணை செய்ய தஞ்சாவூர் வரைக்கும் போகுது, பண்ருட்டி அரசு பள்ளில படிக்கிற புள்ள வீணைய தொட்டுப் பாத்திருக்குமா சொல்லுங்க, எனக்கு அது ரொம்ப வேதனையா இருக்கும்.

வாத்தியம்னா ஒரே வகையா வாங்குங்க. கீபோர்டு ரெண்டு வயலின் ரெண்டுன்னு கலந்து வாங்கினா ஒருத்தன் வாசிப்பான் மீதி பேரு வேடிக்கை பாப்பாங்க, அதுவும் நம்ம கடல் காத்துக்கு கம்பி துரு பிடிச்சிடும், மழைக்காலத்துல மிருதங்கத்தோட தோல் தொய்ஞ்சு சுருதி இறங்கிடும். மூங்கில் குழல்னா ஆளுக்கு ஒண்ணு கொடுக்கலாம், வாய் வெச்சு ஊதுறதால மாத்தி மாத்தி ஊதவும் விடக்கூடாது. எல்லாம் ஒரே கட்டைல, அதாவது ஒரே சுருதி அளவுல இருக்கணும், அஞ்சு இல்லன்னா ஆறு கட்டை எடுத்தீங்கன்னா சின்னக் கைக்கு எட்டும். ஆரம்பத்துல வெறும் காத்துதான் வரும், தலை சுத்துதுன்னு உக்காந்துடுவாங்க, பயப்படாதீங்க, கொஞ்சமா ஊதிட்டு நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம் மோதிர விரல் ஓட்டைய சரியா மூடாம கீச்சுன்னு கத்தும், நான் ஊதி முடிச்சதும் கைய நீட்டச் சொல்லி விரல்ல வட்டமா அச்சு விழுந்திருக்கான்னு பாப்பேன், முழு வட்டமா இருந்துச்சுன்னா அந்தப் புள்ள தேறிடுச்சு.

ஹெச்.எம். கிட்ட பேசி ஆறாவது ஏழாவதுக்கு டைம் டேபிள்லயே பீரியட் போட்டு வாங்கிடுங்க, இல்லன்னா பரீட்சை நேரத்துல அது கணக்கு பீரியட் ஆயிடும். 2022லேர்ந்து அரசு பள்ளிகளுக்கான போட்டியா கலைத் திருவிழா நடக்குது, புள்ளைங்களுக்கு நல்ல மேடை, ஆனா அதுக்காக ஒரே ஒரு பாட்ட மனப்பாடம் பண்ண வெச்சுட்டு விட்டுடாதீங்க. குழல வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்க, தொலைஞ்சா தொலையட்டும், புதுசு வாங்கிக்கலாம்.