பெண்கள் வலுவூட்டலை அளப்பது எப்படி: கேள்வி பதில்

வெள்ளவத்தை, முதுமாணி மாணவி: சுயதிறன் (ஒன்றைத் தன்னால் செய்ய இயலும் என்ற நம்பிக்கை) வினாக்கொத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கொடுத்தோம். தமிழ்ப் பெண்களின் சராசரி குறைவு. நம்பிக்கை குறைவென்று எழுதலாமா?

எழுத வேண்டாம். உங்கள் மூன்றாவது வசனம் "கிளினிக்குக்குத் தனியே போக என்னால் முடியும்". இதில் "முடியும்" இரண்டு வேலை பார்க்கிறது. ஒருத்தி "மாமி விடுவா" என்று நினைத்து 4 புள்ளி போடுவாள். இன்னொருத்தி "பஸ் மாறி, நம்பர் எடுத்து, டொக்டரோட கதைக்க எனக்குத் தெரியும்" என்று 4 போடுவாள். முன்னது அனுமதி. பின்னதுதான் உளவியலாளர் பண்டூரா 1977இல் சொன்ன சுயதிறன். இரண்டாகப் பிரியுங்கள்: "யாரையும் கேட்காமல் போகலாமா?", "போனால் சமாளிப்பீர்கள் என்று 0 முதல் 100 வரை எவ்வளவு நிச்சயம்?" மொழிக்குப் பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, பதில் சொன்னபோது மனதில் என்ன வந்தது என்று விசாரியுங்கள். பிறகுதான் அளவீட்டுச் சமத்துவச் சோதனை, அதாவது இரு மொழியிலும் கேள்விகள் ஒரே விடயத்தை ஒரே விதமாக அளக்கின்றனவா என்று பார்ப்பது: முதலில் காரணி அமைப்பு (எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன), அடுத்துச் சுமைகள் (ஒவ்வொரு கேள்வியும் சுயதிறனோடு எவ்வளவு பிணைந்துள்ளது), கடைசியாக வெட்டுத்துண்டுகள் (ஒரே அளவு சுயதிறன் உள்ளவர்கள் இரு மொழியிலும் ஒரே புள்ளி போடுகிறார்களா). எந்தப் படியிலாவது சிஎஃப்ஐ (மாதிரி தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) 0.01க்கு மேல் இறங்கினால் அங்கேயே நில்லுங்கள். வெட்டுத்துண்டு சமமாகாமல் சராசரியை ஒப்பிடக் கூடாது.

கொட்டாஞ்சேனை: மொழிபெயர்த்ததை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடும் பின்மொழிபெயர்ப்புப் போதாதா?

போதாது. "முடியும்" ஆங்கிலத்துக்குப் பிசகில்லாமல் திரும்பிப் போகும். பிழை வெளியே தெரியாது.

தெஹிவளை, கள உத்தியோகத்தர்: செலவை யார் தீர்மானிப்பதென்றால் எல்லாரும் "சேர்ந்துதான்" என்கிறார்கள்.

கடைசியாக வாங்கிய பெரிய சாமானைப் பற்றிக் கேளுங்கள். பிரிட்ஜ் என்றால், பேச்சை எடுத்தது யார்? விலையைச் சரியென்றது யார்? கணவர் மறுத்திருந்தால் வாங்கியிருப்பீர்களா? மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள்.

பம்பலப்பிட்டி: "சேர்ந்து" என்பதைச் சந்தேகிப்பது மேற்கத்தைய பார்வை. தனியே முடிவெடுப்பதுதான் உச்சமா?

இல்லை. 2012இல் வந்த விவசாயப் பெண்கள் வலுவூட்டல் சுட்டெண்ணும் கூட்டு முடிவில் பெண்ணுக்குள்ள பங்கை ஏற்கிறது. கணவன் கட்டாரில் இருக்க எல்லாவற்றையும் தனியே தீர்மானிப்பவளுக்கு அது சுமையாகவும் இருக்கலாம். "சேர்ந்து" என்ற பதிலுக்குள் அவளுடைய குரல் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

பம்பலப்பிட்டி: சரி, காணி உரிமையாவது எங்கும் ஒரே கேள்விதானே?

அதுவும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், காணி தன் பெயரில் இருந்தாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இன்றி விற்க இயலாது. அவள் கொழும்பில் குடியிருந்தாலும் அப்படித்தான். "உங்கள் பெயரில் உள்ளதா?" என்பதோடு "விற்க யாருடைய கையெழுத்து வேண்டும்?" என்றும் கேளுங்கள்.

மருதானை: எங்களுக்கு அல்பா (கேள்விகளின் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) 0.85. இனி இரு மொழிச் சராசரிகளையும் ஒப்பிடலாம்தானே?

வெள்ளவத்தைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். எல்லாரும் வசனத்தை ஒரே மாதிரிப் பிழையாக விளங்கினாலும் 0.85 வரலாம்.