மஞ்சள் போகவில்லை, பேராதனைக்குப் போகச் சொல்கிறார்கள்

கேள்வி: என் மகனுக்கு இன்றைக்கு 43 நாள். பிறந்த மூன்றாம் நாள் வந்த மஞ்சள் இன்னும் போகவில்லை. பேராதனையில் ஹைடா ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கு முன் ஐந்து நாள் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறார் டொக்டர். அது வலிப்பு மருந்து என்று பார்மசியில் சொன்னார்கள். ஊசியில் கதிர்வீச்சும் ஏற்றுவார்களாம். மாமி, "தாய்ப்பால் மஞ்சள்தான், காலை வெயிலில் பிடி" என்கிறா. போகத்தான் வேண்டுமா, சிஸ்டர்?
(வாசகி, தம்பலகாமம்)

பதில்: மகள், கடிதம் கிடைத்த அன்றே போனில் உங்களுக்குச் சொல்லிவிட்டேன், உடனே போங்கள் என்று. இங்கே எழுதுவது மற்றத் தாய்மாருக்காக.

தாய்ப்பால் மஞ்சள் என்று ஒன்று உண்டு, மாமி சொல்வது பொய்யில்லை. ஆனால் அதில் பிள்ளையின் மலம் மஞ்சளாகவே இருக்கும். திருகோணமலையில் பிள்ளைகள் வார்ட்டில் 27 வருடம் நின்றவள் நான். மூதூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி, பிள்ளையின் துணியை மடித்து சொப்பிங் பையில் கொண்டுவந்தா. ஜன்னலோரம் விரித்துப் பார்த்தோம். இடியப்பத்துக்குக் குழைத்த வெள்ளை மா போல இருந்தது மலம். சிறுநீர் பட்ட இடம் மட்டும் பிளேன்ரீ ஊற்றின மாதிரி. அந்தப் பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம் தாண்டிவிட்டது. வேறோர் இடத்தில் இரண்டு தடவை "தானாகப் போகும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

ஈரலில் ஊறும் பித்தம் குழாய் வழியாகக் குடலுக்கு வர வேண்டும். மலத்துக்கு நிறம் கொடுப்பதே அதுதான். சில பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் அடைபட்டுப் போகிறது. பித்தம் ஈரலிலேயே தேங்கி அதைக் கெடுக்கிறது. ஜப்பானின் டொக்டர் கசாய் 1950களில் கண்டுபிடித்த அறுவைச்சிகிச்சையில், குடலை மேலே இழுத்து ஈரலோடு தைத்துப் பித்தத்துக்கு வழி விடுகிறார்கள். 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். பிந்தப் பிந்தக் குறையும், அப்புறம் ஈரல் மாற்றுவது ஒன்றுதான் வழி.

சரி, ஸ்கேன். டெக்னீசியம் என்கிற கதிர்வீசும் பொருள் சேர்த்த மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். அதை ஈரல் உறிஞ்சிப் பித்தத்தோடு வெளியே விடும். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கமராவின் கீழே படுக்க வைத்து, குடலுக்கு அது வருகிறதா என்று பார்ப்பார்கள். கமராவிலிருந்து கதிர் எதுவும் வராது. ஏற்றிய மருந்தின் கதிர்வீச்சும் சிறிய அளவுதான், ஆறு மணி நேரத்துக்கொரு தடவை பாதியாகிவிடும். பம்பர்ஸ் மாற்றினால் கையைக் கழுவுங்கள், போதும். முதல் ஒரு மணி நேரத்தில் தெரியாவிட்டால் 24 மணி நேரம் வரை திரும்பப் படம் எடுப்பார்கள். ஆகவே இரவு தங்குகிற மாதிரியே போங்கள். எத்தனை மணியிலிருந்து பால் கொடுக்கக்கூடாது என்பதையும் முதலே கேட்டு வையுங்கள்.

ஐந்து நாள் கொடுப்பது பினோபார்பிட்டோன். வலிப்புக்கும் கொடுப்பதுதான், ஆனால் இங்கே ஈரலைத் தூண்டிப் பித்தத்தை நன்றாக வெளியேற்றத்தான் கொடுக்கிறார்கள். பிள்ளை கொஞ்சம் கூடத் தூங்கும். 60 நாள் நெருங்கிய பிள்ளையென்றால், இந்த ஐந்து நாள் காத்திருக்கத்தான் வேண்டுமா என்று டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மருந்து குடலில் தெரிந்தால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம், நிம்மதியாக மூச்சு விடலாம். தெரியாவிட்டால் அடைப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஈரல் அழற்சியில் ஈரல் நன்றாகச் சோர்ந்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். ஈரலில் சிறு துண்டெடுத்துச் சோதித்து, சத்திரசிகிச்சை மேசையில் குழாய்க்குள் சாயம் விட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

14 நாள் கழிந்தும் மஞ்சள் இருக்கிற எந்தப் பிள்ளைக்கும், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபினை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும். விற்றமின் கே ஊசி பற்றியும் கேளுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு இரத்தம் கசியும் ஆபத்து உண்டு. கிளினிக்குக்குப் போகும்போது மலத்தைப் போனில் படம் எடுத்துக் காட்டாதீர்கள், நிறம் மாறித் தெரியும். துணியையே கொண்டுபோங்கள்.