தஞ்சாவூருக்கு ஒரே ஒரு நாள்: வழிகாட்டியை எதற்கு, எப்போது வைத்துக்கொள்வது?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் கோவையிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம். மறுநாள் முழுவதும் கையில் இருக்கிறது, தஞ்சாவூர் பார்க்க ஆசை. அப்பாவுக்கு 74 வயது, மூட்டுவலி. அம்மா நன்றாக நடப்பார். மகளுக்கு 12 வயது. ஒரு டிராவல்ஸ்காரர் வண்டி, வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பெரிய கோயில், அரண்மனை, தாராசுரம், சுவாமிமலை, கங்கைகொண்ட சோழபுரம் அத்தனையையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்கிறார். எடுக்கலாமா? யூடியூபில் இத்தனை வீடியோ இருக்கும்போது வழிகாட்டி தேவையா? வாசலில் வந்து கூப்பிடுகிறவர்களை நம்பலாமா?

பதில்: அந்த ஐந்து இடப் பட்டியலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். கங்கைகொண்ட சோழபுரம் வடக்கே, கிட்டத்தட்ட அதே தூரம். இரண்டும் எதிரெதிர்த் திசை என்பதால் போகவர 150 கிலோமீட்டர் வண்டியிலேயே கழியும். அதோடு நம் ஊர்க் கோயில்கள் பகலில் நடை சாத்துகிறவை. பெரிய கோயிலில் மதியம் 12.30 வாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். ஐந்து இடம் என்று கிளம்பினால் ஒன்றிரண்டு இடத்தில் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். இன்னொன்று, சுவாமிமலையில் அறுபது தமிழ் வருடங்களுக்கு அறுபது படி. அப்பாவின் மூட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியே, நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. அதைத் தஞ்சாவூர் நாளில் நுழைக்கவே வேண்டாம். கல்யாணத்தன்று மாலை, சாப்பாட்டு மயக்கம் தெளிந்ததும் ஆட்டோ பிடித்துப் போய்வரலாம். இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில். நாயன்மார் அறுபத்துமூவர் கதைகளையும் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். உங்கள் அம்மா பெரியபுராணம் கேட்டு வளர்ந்தவராக இருந்தால் அங்கே அவரே வழிகாட்டி. கங்கைகொண்ட சோழபுரம் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

ஆக, மறுநாள் தஞ்சாவூர் மட்டும். அதிலும் வழிகாட்டி பெரிய கோயிலுக்கு மட்டும், காலையில் இரண்டு மணி நேரம். நாள் முழுக்கக் கூடவே வரும் வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. மதியத்துக்கு மேல் அவருக்கும் தொண்டை கட்டிவிடும், உங்களுக்கும் காது அடைத்துவிடும். பிறகு அவர் செய்யக்கூடியது உங்களைக் கடைகளுக்குக் கூட்டிப்போவது ஒன்றுதான்.

வீடியோ போதாதா என்றால், கதைக்குப் போதும். போகுமுன் குடும்பத்தோடு ஒன்றிரண்டு பாருங்கள், நல்லதுதான். ஆனால் பெரிய கோயிலின் உயரத்தை யாரும் காட்ட வேண்டியதில்லை. கருவறைக்கு மேல் எழும் சுமார் 66 மீட்டர் விமானம், எங்கே நின்றாலும் தெரியும். யாராவது விரல் வைத்துக் காட்டினால்தான் தெரிகிற விஷயம் ஒன்று உண்டு, அது கீழே, இடுப்பளவு உயரத்தில் ஓடுகிறது. கல்வெட்டு. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாக வெட்டியிருப்பதை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏதோ பூவேலை என்று நினைத்துக் கடந்துபோய்விடுகிறார்கள்.

அதில் கோயிலைக் கட்டிய முதலாம் ராஜராஜனே பேசுவதுபோல ஒரு இடம் வரும். ‘நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்’ ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்கிற ஆணை. இன்றைய எழுத்து வழக்கில் தந்திருக்கிறேன். தன் பெயருக்கு அடுத்தபடியாக அக்கா குந்தவையை வைக்கிறான், கடைசியில் கொடுத்த யாரையும் விட்டுவிடாதே என்கிறான். சொன்னபடியே வெட்டியும் இருக்கிறார்கள். கோயிலுக்கு வந்த செப்புத் திருமேனிகளின் உயரம் முழம், விரல் கணக்கில் இருக்கிறது. நகைகளுக்கு எடை இருக்கிறது. பல ஊர்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் நடனப் பெண்களின்) பெயர், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், தெருவில் எந்த வீடு, ஆண்டுக்கு ஆளுக்கு நூறு கலம் நெல் என்பது வரை இருக்கிறது. தையற்காரர், கணக்கர், குயவர், வண்ணார், குடை பிடிப்பவர் எல்லோருக்கும் இடமுண்டு. கட்டிய தச்சனும் உண்டு: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சம்பளப் பட்டியலைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்று பார்க்கிறோம். தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். வழிகாட்டியைக் கேட்டு ஒரே ஒரு வரியில் ‘க’வையும் ‘ட’வையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் இன்றைய வடிவத்திலிருந்து அதிகம் விலகாதவை. இரண்டு எழுத்து பிடிபட்டதும் மூன்றாவதைத் தானே தேட ஆரம்பித்துவிடுவாள். இதைச் செய்துகாட்டத் தெரிந்த வழிகாட்டிக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

அப்படிப்பட்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் நாளே போனில் பேசி முடித்துவிடுங்கள். மாவட்ட சுற்றுலா அலுவலகத்தில் கேட்டால் அங்கீகாரம் பெற்றவர்களின் எண் கிடைக்கும். வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன், அவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் செருப்பைக் கழற்றிக்கொண்டே, வெயிலில் நின்று, அப்பாவையும் பார்த்துக்கொண்டு ஆளை எடைபோடுவது சிரமம். யாராக இருந்தாலும் மத்திய சுற்றுலா அமைச்சகமோ தமிழக சுற்றுலாத் துறையோ கொடுத்த அடையாள அட்டை இருக்கிறதா, அது காலாவதியாகவில்லையா என்று கேட்பதில் தப்பே இல்லை. அட்டை உள்ளவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அட்டைக்கு அப்புறம் என்னுடைய பரீட்சை ஒன்று. “கோபுர நிழல் தரையிலேயே விழாதாமே, அப்படியா சார்?” என்று அப்பாவியாகக் கேளுங்கள். “ஆமாம், அதுதான் சோழர் விஞ்ஞானம்” என்று ஆரம்பித்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். நிழல் தாராளமாக விழுகிறது. “விழுமே, காலையில் வந்தால் காட்டுகிறேன்” என்பவரை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். கூடவே நந்தி யார் காலத்தது என்றும் கேட்கலாம். நாயக்கர் காலம் என்பதுதான் சரியான பதில். அந்த வளாகத்தில் இருப்பதெல்லாம் ராஜராஜன் கட்டியது இல்லை. அம்மன் சந்நிதி பாண்டியர் காலம், முருகன் சந்நிதி நாயக்கர் காலம், வெளியிலிருந்து நுழையும் முதல் வாசல் மராட்டியர் காலம். அதைத் தாண்டி வரும் கேரளாந்தகன் வாசலும் ராஜராஜன் வாசலும்தான் சோழருடையவை. இந்த அடுக்குகளைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் விமானத்தின் உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்கிற கதையையும் கேட்டுப்பாருங்கள். உச்சியில் உள்ளது பல துண்டுகளை இணைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றியதாக ஊரில் ஒரு கதை சொல்வார்கள் என்று கதையைக் கதையாகச் சொல்வதில் தவறில்லை, எனக்கும் அது பிடிக்கும்.

பேசும்போதே மூன்று விஷயத்தை முடித்துவிடுங்கள்: தமிழில்தான் வேண்டும், தொகை குடும்பத்துக்கு மொத்தமாகவா தலைக்கா, கடைக்குப் போவது கிடையாது. முதலாவது அபத்தமாகத் தோன்றலாம். வெளிநாட்டுக்காரர்களுக்காக ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததையே தமிழில் ஒப்பிப்பவர்கள் உண்டு. ‘சிவன் என்பவர் ஒரு கடவுள்’ என்று தொடங்கினால் உங்கள் அம்மா பொறுமையிழந்துவிடுவார். எங்களுக்குத் தல புராணம் தெரியும், கட்டிடமும் கல்வெட்டும் சொல்லுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவரும் உற்சாகமாகிவிடுவார். உள்ளே பூட்டியிருக்கும் சோழர் ஓவியங்களைத் ‘தனியாக’ ஏற்பாடு செய்து காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒதுங்கிவிடுங்கள். 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த அந்த ஓவியங்கள் கருவறையைச் சுற்றியுள்ள உள் நடையில் இருக்கின்றன. அங்கும், நடன நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்கள் உள்ள மேல்தளத்திலும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

இப்போது நேரம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் கோயில் வாசலில் இருக்கலாம். கல்யாண அலுப்பில் எல்லோரும் முனகுவார்கள், விடாதீர்கள். முதலில் தரிசனத்தை முடித்துவிடுங்கள், அந்த நேரத்தில் பெரும்பாலும் வரிசை சின்னதாக இருக்கும். கோயில் கிழக்கு பார்த்தது. அதனால் எட்டு, ஒன்பது மணிக்கு விமானத்தின் நிழல் பின்பக்கம், மேற்குத் திருச்சுற்றில் பரந்து கிடக்கும். வழிகாட்டியை அந்தப் பக்கம் நிறுத்திப் பேசச் சொல்லுங்கள். மேற்கு அடித்தளத்திலும் கல்வெட்டு நிறைய இருக்கிறது, கால் சுடாது, அப்பா சுற்று மாளிகையில் உட்கார்ந்துகொண்டும் கேட்கலாம். பதினொரு மணிக்கு மேல் அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடப்பது தோசைக்கல்லில் நடப்பதுதான். ஆளுக்கு ஒரு ஜோடி பருத்திக் காலுறை பையில் இருக்கட்டும். கருவறைக்கு ஏறப் படிகள் உண்டு, அப்பாவை அவசரப்படுத்தாமல் கைபிடித்து ஏற்றுங்கள். வளாகம் பெரும்பாலும் சமதளம்தான்.

நாளைக் குறித்துவிட்டீர்கள், இருந்தாலும் காலண்டரைப் பார்த்துவிடுங்கள். பிரதோஷம் என்றால் மாலையில் நந்தியைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. அபிஷேகம் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் அது பாக்கியம், விளக்கம் கேட்க வந்தவர்களுக்கு வீண். ஐப்பசியில் ராஜராஜன் பிறந்த நட்சத்திரத்துக்கு எடுக்கும் சதய விழாவும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையும் சபரிமலை சீசனும் சொல்லவே வேண்டாம்.

பத்து, பத்தரைக்கு வழிகாட்டிக்கு விடை கொடுத்துவிட்டு அரண்மனை. வண்டியில் சில நிமிடம்தான். நாயக்கர் கட்டி மராட்டியர் விரிவாக்கிய வளாகம். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட், விடுமுறை நாளும் மதிய இடைவேளையும்கூட ஒன்றுபோல இருக்காது, முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். அங்குள்ள உயரமான மணி மண்டபத்தின் படிகளை அப்பா பார்க்கவே வேண்டாம். நேரம் குறைவு என்றால் கலைக்கூடம் ஒன்று போதும். அங்கே ஓர் அரை மணி நேரத்தை ஒரே சிலைக்குக் கொடுங்கள்: திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் (காளையோடு நிற்கும் சிவன்), 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. பாம்புகளைச் சுற்றித் தலைப்பாகைபோல முடியைக் கட்டிக்கொண்டு, ஒரு காலை மாற்றி வைத்து, ஒரு கையைக் காளையின் மேல் சாய்த்து நிற்கிறார். காளை மட்டும் இல்லை, காற்றில்தான் சாய்ந்திருக்கிறார். ஆனாலும் அந்தக் கையையும் இடுப்பையும் பார்த்தே காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். மகளை அதே மாதிரி நிற்கச் சொல்லிப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுவாள். இதற்கு வழிகாட்டியே வேண்டாம்.

பக்கத்திலேயே சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. சின்னது, அரை மணி நேரம். 1798 முதல் 1832 வரை பட்டத்தில் இருந்த இரண்டாம் சரபோஜி சேர்த்தவற்றில் ஓர் ஓரம்தான் வெளியே வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

பன்னிரண்டரைக்கு இலை போட்டுச் சாப்பிட்டால் முக்கால்வாசி நாள் முடிந்தது. பெற்றோர் களைத்திருந்தால் நேராகக் கும்பகோணம் திரும்பிவிடலாம், எதையும் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். தெம்பிருந்தால் சில மணி நேரத்துக்கு ஒரு அறை எடுத்து அவர்களைப் படுக்க வைத்துவிட்டு, நீங்களும் மகளும் சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள ஸ்வார்ட்ஸ் தேவாலயத்துக்குப் போய்வாருங்கள். 1779இல் கட்டியது. மரணப் படுக்கையில் கிடக்கும் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் கையைச் சரபோஜி பற்றியிருப்பதுபோல ஒரு பளிங்குச் சிற்பம் உள்ளே உண்டு, ஜான் ஃபிளாக்ஸ்மன் வடித்தது. கதவு பூட்டியிருந்தால் பொறுப்பாளரைக் கேட்டுப் பாருங்கள்.

சாமான் வாங்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வண்டிக்காரர் கேட்பார். அவர் நிறுத்தும் கடையில் அவருக்கும் பங்கு உண்டு என்று வைத்துக்கொண்டே விலையைப் பாருங்கள். தலையாட்டி பொம்மை, கலைத் தட்டு போன்றவற்றுக்கு அரசின் பூம்புகார் கடையில் ஒரு தடவை விலை பார்த்துக்கொண்டால் அளவுகோல் கிடைத்துவிடும். தஞ்சாவூர் ஓவியம் என்றால் அது புடைத்திருக்க வேண்டும், மேலே ஒட்டியது தங்கத் தகடாக இருக்க வேண்டும். அச்சடித்த படத்தின் மேல் பளபளப்பு ஒட்டி விற்பதும் உண்டு. அவசரத்தில் வாங்குகிற பொருள் அல்ல அது.

டிராவல்ஸ்காரரிடம் வண்டியை மட்டும் எடுங்கள். வாடகை மணிக்கணக்கா கிலோமீட்டர் கணக்கா, டிரைவர் பேட்டாவும் பார்க்கிங்கும் டோலும் சேர்த்தா தனியா, ஏசி போட்டால் வேறு கட்டணமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அரண்மனைக்கும் கோயிலுக்கும் நடுவில் அப்பாவை நடக்கவிடாமல் வாசலிலேயே இறக்கி ஏற்ற வேண்டும் என்பதையும் அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள்.