பிள்ளைப்பேற்று வீட்டுக்கு ஆள் வைப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் காரைதீவைச் சேர்ந்த ஆசிரியை. முதற் பிள்ளை; இது எட்டாம் மாதம். அம்மா இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் காலமாகிவிட்டார், அக்கா இலண்டனில் இருக்கிறார், கணவர் கட்டாரிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வருவார். மாமிக்குச் சீனி வருத்தமும் முழங்கால் வருத்தமும் இருப்பதால் இரவு விழிக்க இயலாது. வீட்டோடு தங்கிப் பிள்ளையைப் பார்க்க ஒருவரை வைக்க எண்ணுகிறோம். பயிற்சி பெற்ற ஒருவரை அனுப்புவதாகக் கொழும்பிலுள்ள ஒரு முகவர் நிலையம் சொல்கிறது. குவைத்தில் பல வருடம் பிள்ளை பார்த்துத் திரும்பிய, படுவான்கரையைச் சேர்ந்த ஓர் அம்மாவை அயலவர்கள் சொல்கிறார்கள். யாரை வைப்பது, என்னென்ன கேட்பது?

பதில்: பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுத்து மாப்பிள்ளை அங்கு வந்து வாழும் நம் பகுதி வழக்கத்தில், பிள்ளை பெற்றவளைச் சுற்றித் தாயும் அம்மம்மாவும் சின்னம்மாவும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருந்தார்கள், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும் வரை இரவில் யார் விழிப்பது என்ற கேள்வியே எழுந்ததில்லை. உங்கள் வளவில் இன்று அந்த ஆட்கள் இல்லை. ஆகவே சம்பளத்துக்கு ஆள் வைப்பதைக் குறையாகப் பேசுகிறவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் எந்த வேலைக்கு ஆள் தேடுகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிறந்த பிள்ளை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். அந்த வேலையை வேறெவரும் உங்களுக்காகச் செய்ய முடியாது. வருகிறவர் செய்ய வேண்டியதோ அதைச் சுற்றியுள்ள அத்தனையும்: இரவில் பிள்ளையைத் தூக்கி உங்களிடம் தருவது, குடித்து முடித்ததும் தோளிற் போட்டு ஏவறை எடுப்பது, ஈரத்துணி மாற்றிக் கிடத்துவது, உடுப்புத் துவைப்பது, சரக்கரைத்த கறியும் முருங்கையிலையும் பால்சுறாவும் நேரத்துக்கு உங்கள் கோப்பைக்கு வரச் செய்வது, பகலில் நீங்கள் உறங்கும்போது பிள்ளை பார்க்க வருகிறவர்களை விறாந்தையிலேயே இருத்தி வைப்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்பநல மாதாக, அதாவது அரச மருத்துவமாதாக, வீடு வீடாகச் சென்ற காலத்தில், ஆள் வைத்த வீடுகளில் நான் அதிகம் கண்ட பிழை, பிள்ளையை முழுக்க அந்த ஆளின் கையில் கொடுத்துவிட்டுத் தாய் சமையலறைக்குள் நின்றதுதான். இரண்டு கிழமைக்குள் பால் குறைந்துவிட்டது என்பார்கள், அடுத்த கிழமை பால்மாப் பேணி மேசைக்கு வந்துவிடும்.

'பயிற்சி பெற்றவர்' என்ற சொல்லைச் சற்று விரித்துப் பாருங்கள். பிள்ளைப் பராமரிப்புக்குத் தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் நம் நாட்டில் உண்டு. அதன் மூலப் பிரதியைக் கேட்டுப் பார்க்கலாம். முதியோர் பராமரிப்புக்கும் சான்றிதழ் இருப்பதால், எதற்குப் பெற்றது என்பதையும் வாசியுங்கள். எந்தச் சான்றிதழ் வைத்திருந்தாலும் அவர் தாதியோ மருத்துவமாதோ ஆகிவிடமாட்டார். மருந்து கொடுப்பதும் தொப்புளுக்கு வைத்தியம் பார்ப்பதும் அவருடைய வேலை அல்ல. முகவர் நிலையத்திடம், நீங்கள் கட்டும் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்குச் சேர்வது எவ்வளவு, அவர் இடையில் போய்விட்டால் எத்தனை நாளுக்குள் வேறொருவர் வருவார் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

குவைத் அம்மாவின் அனுபவத்தையும் அப்படியே விரித்துப் பார்க்க வேண்டும். அங்கே அவர் பார்த்த பிள்ளைகளுக்கு என்ன வயது என்று கேளுங்கள். இரண்டு வயதுப் பிள்ளையைப் பத்து வருடம் பார்த்த கை, பத்து நாட் பிள்ளையின் கழுத்தைத் தாங்கிப் பழகியிருக்க வேண்டும் என்றில்லை. ஒரு பின்னேரம் வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, சாதாரணமாகக் கதைப்பது போல இவற்றைக் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழுகிறது, தாய் உறங்குகிறாள், என்ன செய்வீர்கள்? பிள்ளையை எப்படிக் கிடத்துவீர்கள்? தொப்புளுக்கு என்ன போடுவீர்கள்? 'தாயை எழுப்பிப் பால் கொடுக்க வைப்பேன். மல்லாக்காகத்தான் கிடத்துவேன், தலையணை வைக்கமாட்டேன். தொப்புளுக்கு ஒன்றும் போடாமல் காயவிடுவேன்' என்று சொல்பவர் படிக்காதவராக இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம். தனக்கு எல்லாம் தெரியும் என்று மட்டும் சொல்பவரிடம் நான் தயங்குவேன். கற்றுக்கொள்ளத் தயாராக உள்ள கை, தெரிந்த கையைவிடப் பல வீடுகளில் நன்றாக உதவியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரில் உங்களுக்கு யார் என்று கேட்டால், இந்தக் கேள்விகளில் தேறினால் படுவான்கரை அம்மாவைத்தான் சொல்வேன். பத்தியச் சமையலும் நம் பேச்சும் தெரிந்தவர், அவருடைய ஊரில் நாலு பேரிடம் விசாரிக்கவும் முடியும்.

விதானையாரின், அதாவது கிராம அலுவலரின் நற்சான்றிதழ், முன்பு வேலை செய்த வீட்டாரின் தொலைபேசி இலக்கம், அடையாள அட்டையின் போட்டோப் பிரதி ஆகியவை போதும். அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நாட்பட்ட இருமல் உள்ளவரானால் நெஞ்சுப் பரிசோதனை செய்த பின்னரே பிள்ளைக்கு அருகில் விடலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை இந்த வேலைக்கு வைக்கவே வேண்டாம்.

பிள்ளை பிறக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அடுப்பும் கிணறும் பழகுவதோடு, உங்களுக்கு ஒத்துவராதவர் என்றால் அப்போதே தெரிந்துவிடும். உங்கள் பிரிவின் குடும்பநல மாது முதற் பத்து நாட்களுக்குள் குறைந்தது இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். அந்நேரம் வேலைக்கு வந்தவரைச் சந்தைக்கு அனுப்பிவிடாமல் பக்கத்தில் இருத்துங்கள். பால் குடிக்க மறுத்தல், தட்டினாலும் அசையாதிருத்தல், வலிப்பு, நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கையில் நெஞ்சு உள்ளே குழிதல், காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுதல், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை பொறுக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதை மாதின் வாயாலேயே அவர் கேட்கட்டும். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அந்த இலக்கத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அரச ஆசிரியையானால் உங்களுக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளப் பிரசவ விடுமுறை உண்டு, அதாவது ஏறக்குறைய நான்கு மாதங்கள். ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே என்பதால், நீங்கள் பாடசாலைக்குத் திரும்பும் காலத்தில் கறந்து வைத்த பாலைக் கோப்பையால் பருக்க அவர் பழகியிருக்க வேண்டும். அதுவரை இருப்பாரா, துடக்குக் கழிந்ததும் போவாரா என்பதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சம்மாந்துறையிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள். பிள்ளையைப் பராமரிக்க வந்திருக்கும் ராத்தா நல்ல மனுசி, ஆனால் வெயிலுக்குத் தொண்டை வறளும் என்று சீனித் தண்ணீர் பருக்குகிறார், கையில் வசம்பு கட்டியிருக்கிறார், பின்னேரத்தில் சாம்பிராணிப் புகை காட்டுகிறார். என் மனைவி சொல்லக் கூச்சப்படுகிறார். நாற்பது நாள் முடியும்வரை பொறுத்துக்கொள்வதா?

பதில்: சீனித் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்குக்கு மேல் தண்ணீர்தான். நம் சித்திரை வெயிலுக்கும் அது போதும். தண்ணீரால் நிரம்பிய வயிறு பாலைக் குடிக்காது. நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால் பிள்ளைக்கு வறட்சி இல்லை என்று ராத்தாவுக்கே எண்ணிக் காட்டலாம். வசம்பைக் கழற்றுங்கள், அது வாய்க்குப் போகும். புகை பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது. நாவூறுக்கு உள்ளங்காலில் கரும்பொட்டு வைக்க அவர் விரும்பினால் வைக்கட்டும், கண்ணுக்கு மட்டும் மை வேண்டாம். எல்லாவற்றையும் மறுத்தால் அவரிடமிருந்து எதையும் கேட்க முடியாமற் போகும். சொல்ல வேண்டியவர் உங்கள் மனைவி அல்ல, நீங்கள். பச்சை உடம்போடு இருப்பவரை இந்தப் பேச்சுக்குள் இழுக்காதீர்கள்.

கேள்வி: நான் வவுணதீவுப் பக்கம். மட்டக்களப்பு நகரில் ஒரு வீட்டில் தங்கிப் பிள்ளை பார்க்கிறேன். பகல் முழுதும் வீட்டார் எட்டுப் பேருக்கும் சமையல், இரவு முழுதும் பிள்ளை. போன கிழமை பிள்ளையை நெஞ்சில் வைத்தபடி கதிரையிலேயே உறங்கிவிட்டேன். ஏச்சு விழுந்தது. அடையாள அட்டையும் அவர்களிடம். என்ன செய்வது?

பதில்: கதிரையில் உறங்கியது மெய்யாகவே ஆபத்து, தங்கச்சி, பிள்ளை சரிந்து மூச்சடைத்துப் போகக்கூடும். அதை ஒத்துக்கொண்டே வீட்டாரிடம் பேசுங்கள், ஏனெனில் உங்கள் பக்க நியாயமும் அதற்குள்தான் இருக்கிறது: இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்கக்கூடிய மனிதர் கிடையாது. இரவு பிள்ளை உங்கள் பொறுப்பு என்றால், பகலில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் கதவைச் சாத்திப் படுக்க வேண்டும், சமையல் தாய்க்கு மட்டும். வீட்டார் அனைவருக்கும் சமைக்க வேண்டும் என்றால் இரவுக்கு வேறொருவர் வேண்டும். கிழமையில் ஒரு நாள் ஓய்வும், சம்பளம் கிடைக்கும் திகதியும் ஒரு தாளில் எழுதப்படட்டும்.

அடையாள அட்டையைத் திருப்பிக் கேளுங்கள். அதைப் பிடித்து வைக்க எவருக்கும் உரிமையில்லை. மறுத்தால் உங்கள் விதானையாரிடம் சொல்லுங்கள்.

இவையெல்லாம் பேசி முடிய நாளெடுக்கும். அதுவரை, பிள்ளை கையில் இருக்கும்போது கண் செருகுவதாகத் தெரிந்தால், பிள்ளையைப் படுக்கையில் மல்லாக்காகக் கிடத்திவிட்டுத் தாயை எழுப்புங்கள். ஏசினாலும் எழுப்புங்கள்.