சிக்ஸ்த் ஃபோர்ம் படிக்கும் பிள்ளை பாடத்துக்கு வெளியே எதை வாசிக்க வேண்டும், எப்படி?

கேள்வி: லண்டனில் என் மகள் இந்த செப்டம்பரில் இயர் 12 (பள்ளியின் கடைசி இரண்டு வருடமான சிக்ஸ்த் ஃபோர்மின் முதல் வருடம்) தொடங்கியிருக்கிறாள். பயாலஜி, கெமிஸ்ட்ரி, மெத்ஸ் எடுத்திருக்கிறாள். மெடிசினா பயோகெமிஸ்ட்ரியா என்று இன்னும் முடிவில்லை. பள்ளிக்கூடம் நாற்பது புத்தகங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, "சுயமாக வாசியுங்கள்" என்று விட்டுவிட்டது. இதில் எதையெல்லாம் வாங்கிக் கொடுக்க வேண்டும்?

பதில்: இப்போதைக்கு ஒன்றையும் வாங்காதீர்கள். நாற்பதையும் வாசிக்கச் சொல்லி யாரும் அந்தப் பட்டியலைப் போடவில்லை. ஏதாவது ஒரு மூலையில் பிள்ளைக்குப் பிடிக்கட்டும் என்றுதான் போட்டிருப்பார்கள். ஆனால் நம் வீடுகளில் பட்டியல் வந்தால் அது சிலபஸ் ஆகிவிடுகிறது. அரைகுறையாக வாசித்த பத்துப் புத்தகத்தால் வரும் பயன், ஒழுங்காகப் பின்தொடர்ந்த ஒரே ஒரு கேள்வியால் வரும் பயனில் கால்வாசிகூட இராது. இதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

இலங்கையில் ஏ.எல். படித்த பெற்றோருக்கு இது ஏன் குழப்பம் தருகிறது என்பது விளங்குகிறது. அங்கே பரீட்சைப் புள்ளி, அதைத் தரப்படுத்திக் கணிக்கும் இசட் ஸ்கோர், அதோடு கதை முடிந்தது. பாஸ்ட் பேப்பரை மாறி மாறிச் செய்தவன் உள்ளே போனான். இங்கிலாந்தில் பரீட்சை எழுதுவதற்கு முன்பே விண்ணப்பம் போய்விடும். ஆசிரியர் ஊகித்துத் தரும் கிரேடு, விண்ணப்பத்தோடு மாணவி எழுதும் ஸ்டேட்மென்ட், சில பாடங்களுக்கு நுழைவுத் தேர்வும் நேர்முகமும். பாடத்துக்கு அப்பால் தானாகத் தேடிப் போகிறாளா என்று பார்க்கும் இடம் ஸ்டேட்மென்ட்டும் நேர்முகமும்தான். ஸ்கொட்லாந்தில் முறை வேறு. நான் சொல்வது ஏ லெவல் எடுப்பவர்களுக்கு.

எங்கிருந்து தொடங்குவது? பாடப்புத்தகத்திலிருந்தேதான். வகுப்பில் ஒரு வரியில் கடந்துபோன, "இது எப்படித் தெரியும்?" என்று கேட்கக்கூடிய ஓர் இடத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளின் பாடங்களிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். சுவாசம் பற்றிய பாடத்தில், மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு ஒரு பக்கம் புரோட்டான்கள் குவிகின்றன, அவை திரும்பிப் பாயும்போது ஏடிபி (ATP, கலங்கள் சக்திக்குப் பயன்படுத்தும் மூலக்கூறு) உருவாகிறது என்று வரும். எல்லாரும் படத்தோடு மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். இதை பீட்டர் மிட்செல் 1961இல் ஒரு கருதுகோளாக வெளியிட்டபோது துறையில் பெரும்பாலானோர் நம்பவில்லை. அவர்கள் தேடிக்கொண்டிருந்தது ஓர் இடைநிலை இரசாயனப் பொருளை. அது கிடைக்கவேயில்லை. மிட்செல் பின்னர் கோர்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைத் திருத்தி அதையே ஆய்வுகூடமாக்கி வேலை செய்தார். 1978இல் நோபல் பரிசு வந்தது.

கதை இவ்வளவோடு நின்றால் பிரயோசனம் இல்லை. அடுத்த கேள்வி, நம்பாதவர்களை எது நம்ப வைத்தது என்பது. 1966இல் ஜேகெண்டோர்ஃப், யூரிப் என்ற இருவர் செய்த பரிசோதனையைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்பினாச் கீரையின் பச்சையவுருமணிகளை (இலையில் ஒளியைப் பிடித்து ஏடிபி செய்யும் உறுப்புகளை) பிஎச் 4 அளவிலான அமிலக் கரைசலில் ஊறவைத்து, உள்ளேயும் அமிலம் ஏறியபின் சட்டென்று பிஎச் 8 கரைசலுக்கு மாற்றினார்கள். அதில் ஏடிபி உருவாகத் தேவையான இரு மூலப்பொருட்களும் (ADP, பொஸ்பேட்) இருந்தன. எல்லாம் இருட்டில். வெளிச்சமே படாமல் ஏடிபி உருவானது. ஒளி இல்லை, இலத்திரன் ஓட்டமும் இல்லை. சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான அமில வேறுபாடு மட்டும் போதுமாயிருந்தது. இந்தக் கட்டுரை பப்மெட் சென்ட்ரல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இயர் 12 பிள்ளைக்கு முக்கால்வாசி விளங்கும்.

இதற்குப் பிறகுதான் புத்தகம். நிக் லேன் எழுதிய "தி வைட்டல் குவெஸ்ச்சன்" (2015) இதே புரோட்டான் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு உயிரின் தோற்றம் வரை போகிறது. கனமான புத்தகம். முழுதாக வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்ன கேள்வியோடு உள்ளே போகிற பிள்ளை எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தே போகிறாள். கேள்வியில்லாமல் போகிறவள் இருநூறாம் பக்கத்தில் "ஆஹா, அற்புதம்" என்ற உணர்வோடு மட்டும் வெளியே வருகிறாள். அதை வைத்து நேர்முகத்தில் இரண்டு நிமிடம்கூடப் பேச முடியாது.

கெமிஸ்ட்ரிக்கு, கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் கீலரும் வொதர்ஸும் எழுதிய "வொய் கெமிக்கல் ரியாக்‌ஷன்ஸ் ஹேப்பன்" நல்லது. தாக்கம் ஏன் ஒரு திசையில் போகிறது என்பதிலிருந்து தொடங்கும். இயர் 13இல் வரும் என்ட்ரோப்பி அப்போது புதிதாகத் தோன்றாது. பென்சிலும் தாளும் இல்லாமல் அதை வாசிக்கக் கூடாது. ஒரு துறையே பிடிக்குமா என்று பார்க்க வேண்டுமானால், ஒக்ஸ்ஃபோர்ட் வெளியிடும் "வெரி ஷோர்ட் இன்ட்ரொடக்‌ஷன்" வரிசையில் ஒன்று போதும். கைக்கடக்கமான சிறு நூல்கள், பின்னால் மேலும் வாசிக்க ஒரு பட்டியல் இருக்கும். அடுத்த படிக்கு அந்தப் பட்டியல்தான் வழி.

ஆய்வுக் கட்டுரையை எப்படி வாசிப்பது என்று பள்ளியில் பெரும்பாலும் சொல்லிக் கொடுப்பதில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போனால் இரண்டாம் பக்கத்தில் நித்திரை வந்துவிடும். முதலில் சுருக்கம். பிறகு படங்களும் வரைபுகளும், அவற்றின் கீழுள்ள குறிப்போடு. ஒவ்வொரு வரைபுக்கும் அச்சுகளில் என்ன அளந்திருக்கிறார்கள், ஒப்பீட்டுக்கு எதை வைத்தார்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும். பிறகு முடிவுரை. செய்முறைப் பகுதி கடைசியில், அதுவும் சந்தேகம் வந்த இடத்துக்கு மட்டும். விளங்காத சொல் ஒவ்வொன்றுக்கும் நின்றால் நகரவே முடியாது. திரும்பத் திரும்ப வரும் நாலைந்து சொல்லை மட்டும் பார்த்தால் போதும்.

குறிப்பு எடுப்பதில் நடக்கிற பெரிய பிழை, புத்தகத்தையே சுருக்கி எழுதுவது. அழகான கையெழுத்தில், மூன்று நிற மார்க்கரில், பன்னிரண்டு பக்கம். பார்க்க நன்றாயிருக்கும், தலையில் ஒன்றும் தங்காது. ஓர் அத்தியாயத்துக்கு ஒரே பக்கம் போதும். புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும். ஆசிரியர் என்ன சொல்கிறார், எந்த ஆதாரத்தால், எனக்கு எது ஒட்டவில்லை, அடுத்து எதைப் பார்க்க வேண்டும். மேலே திகதியும் பக்க எண்ணும். இந்தத் திகதி அற்பமாகத் தோன்றும். ஒன்பது மாதம் கழித்து ஸ்டேட்மென்ட் எழுத உட்காரும்போது இந்தக் கொப்பி ஒன்றுதான் கைகொடுக்கும்.

நேரம்? ஒரு ஏ லெவல் பாடத்துக்கு வாரம் நாலைந்து மணி நேரம் வகுப்பு இருக்கும். வீட்டுப்பாடமும் மீட்டலும் கிட்டத்தட்ட அதே அளவு கேட்கும். அதற்கு மேல் இந்த வாசிப்புக்கு வாரம் இரண்டு மணி நேரம் தாராளம். பள்ளியிலேயே வரும் ஃப்ரீ பீரியட் ஒன்று, வார இறுதியில் ஒரு மணி நேரம். இரவு பதினொரு மணிக்குப் பிறகு வாசித்தால் கணக்கில் சேராது. பரீட்சை மாதங்களில் நிறுத்திவிடலாம். கிரேடு விழுந்தால் எவ்வளவு வாசித்தும் பலனில்லை, இதை மறைக்க வேண்டியதில்லை.

இப்போது சிலர் "ரியூஷன் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கீழே சண்டைக்கு வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை. கெமிஸ்ட்ரி கணக்கில் தடுமாறுகிற பிள்ளைக்கு நல்ல ரியூஷன் தேவைதான். சனி முழுநாளும் ஞாயிறு அரைநாளும் ரியூஷனில் போனால், பிள்ளை தானாக ஒரு கேள்வியை யோசிக்க நேரமே மிஞ்சாது என்பது மட்டுமே என் கவலை.

இன்னொரு எரிச்சல், கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பிரபல பல்கலைக்கழகக் கல்லூரி அறைகளைக் கோடையில் வாடகைக்கு எடுத்து, இரண்டு வாரத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்ட் வாங்கும் தனியார் வகுப்புகள். விளம்பரத்தில் கோபுரமும் புல்வெளியும் இருக்கும், பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இராது. "உங்கள் பிள்ளையின் ஆய்வுக் கட்டுரையைப் பிரசுரித்துத் தருகிறோம்" என்று காசு கேட்பது இன்னொரு வகை. அனுமதி தருபவர்கள் இதற்குத் தனி மதிப்புத் தருவதில்லை. அரச பள்ளியில் படிக்கும் இயர் 12 பிள்ளைக்கு ஒக்ஸ்ஃபோர்டின் யுனிக் திட்டமும் சட்டன் டிரஸ்ட் கோடைப் பள்ளிகளும் இலவசம். போட்டி இருக்கிறது, விண்ணப்பம் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால் கிறிஸ்மஸுக்கு முன்பே பார்த்து வைக்க வேண்டும். லண்டனில் கிரெஷம் கல்லூரி 1597இல் இருந்து இலவச விரிவுரை நடத்துகிறது, இப்போது எல்லாம் இணையத்திலும் உண்டு. உங்கள் கவுன்சில் நூலக அட்டை இலவசம். கிளையில் இல்லாத புத்தகத்தையும் வேறு கிளையிலிருந்து வரவழைக்கலாம், சில இடங்களில் சிறு கட்டணம். ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை திரையில் வாசிக்கலாம்.

வேறு பாடம் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்குச் சுருக்கமாக. எக்கனொமிக்ஸ் என்றால் குறைந்தபட்ச ஊதியம் நல்ல கேள்வி. அதை உயர்த்தினால் வேலையின்மை கூடும் என்கிறது பாடப்புத்தக வரைபடம். 1992இல் நியூ ஜெர்சி மணிக்கு 4.25 டாலரை 5.05 ஆக்கியபோது பொருளியலாளர்கள் கார்டும் க்ரூகரும் பக்கத்து பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேலை குறையவில்லை என்றார்கள். நியூமார்க்கும் வாஷரும் வேறு தரவை வைத்து மறுத்தார்கள். இரண்டையும் வாசித்துவிட்டு, பிரித்தானியாவில் குறைந்தபட்ச ஊதியத்தைப் பரிந்துரைக்கும் லோ பே கமிஷனின் அறிக்கைக்குப் போகலாம். சட்டம் என்றால் சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு தீர்ப்புக்கும் வெளியிடும் சுருக்கக் குறிப்பை வாசித்து, தான் மாற்றித் தீர்ப்பளிப்பதானால் என்ன காரணம் சொல்வேன் என்று அரைப் பக்கம் எழுத வேண்டும். வரலாற்றில் ஈ. எச். கார் 1961இல் எழுதிய "வொட் இஸ் ஹிஸ்டரி?" நூலையும் எல்டன் 1967இல் அதை மறுத்ததையும் அடுத்தடுத்து வாசிக்கலாம். மெத்ஸ் மட்டும் வேறு. அங்கே வாசிப்பது இரண்டாம்பட்சம், செய்வதுதான் படிப்பு. கணிதப் புதிர்கள் தரும் என்ரிச் தளத்திலும், கேம்பிரிட்ஜின் கணித நுழைவுத் தேர்வான ஸ்டெப்புக்குத் தயார்செய்யும் ஸ்டெப் சப்போர்ட் திட்டத்திலும் ஒரு கணக்கை எடுத்து, விடையைப் பார்க்காமல் மூன்று நாள் வைத்துக்கொண்டு திண்டாடுவதுதான் பயிற்சி.

பள்ளியில் ஈபிக்யூ (மாணவி தானே தலைப்பைத் தேர்ந்து செய்யும் ஆய்வுத் திட்டம்) இருந்தால் எடுக்கலாம். அரை ஏ லெவலுக்குச் சமம், வழக்கமாக 5,000 சொல் அறிக்கை. தலைப்பு அகலமாகிப் போவதால்தான் பலர் சறுக்குகிறார்கள். "நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளின் எதிர்காலம்" என்று எடுத்தால் விக்கிபீடியாச் சுருக்கம்தான் வரும். ஒரு மருந்து, ஒரு நோய், ஒரு நாடு என்று ஒடுக்க வேண்டும். அடுத்த பிழை, வேலை எப்படி நடந்தது என்று எழுதும் தயாரிப்புப் பதிவேட்டைக் கடைசி வாரத்தில் ஒரே மூச்சில் நிரப்புவது. திட்டமிடலுக்கும் மூலங்களைப் பயன்படுத்தியதற்கும் மீள்பார்வைக்கும் சேர்த்து கணிசமான புள்ளி இருக்கிறது. கட்டுரை நன்றாயிருந்தும் கிரேடு இறங்குவது பெரும்பாலும் இங்கேதான். ஏஐ கருவியிடம் கேட்டால் அதைப் பதிவேட்டில் சொல்லியே ஆக வேண்டும், சொந்த எழுத்தாகக் கொடுத்தால் முறைகேடு. புத்தகத்தை வாசிக்காமல் ஏஐ சுருக்கம் மட்டும் வாசிப்பதை யாரும் பிடிக்கமாட்டார்கள்தான், ஆனால் "அந்த ஆசிரியரோடு எந்த இடத்தில் உடன்படவில்லை?" என்ற முதல் கேள்வியிலேயே நேர்முகத்தில் தெரிந்துவிடும்.

ஸ்டேட்மென்ட் இப்போது ஒரே கட்டுரையாக இல்லை. 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகள், இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஏன் இந்தப் பாடம் என்ற முதல் கேள்வியில் வாசிப்பு நன்றாகப் பொருந்தும். புத்தகப் பெயர்களை வரிசையாக அடுக்கினால் இடம்தான் வீண். ஒரு புத்தகம், அதிலிருந்து போன ஒரு கட்டுரை, அதனால் மாறிய ஓர் எண்ணம் என்று இருந்தால் போதும்.

மெடிசினா பயோகெமிஸ்ட்ரியா என்ற கேள்வியில் ஒரு நடைமுறை வித்தியாசம் உண்டு. பல மருத்துவப் பள்ளிகள் ஸ்டேட்மென்ட்டைவிட யுகேட் (UCAT) என்ற நுழைவுத் தேர்வையும் நேர்முகத்தையும்தான் பார்க்கின்றன. அதற்கு, மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் "குட் மெடிக்கல் பிராக்டிஸ்" கையேட்டை வாசிப்பதும், முதியோர் இல்லம் போன்ற இடத்தில் தொண்டு செய்து அங்கே கண்டதை எழுதி வைப்பதும் எந்த அறிவியல் புத்தகத்தையும்விட உதவும். பயோகெமிஸ்ட்ரிக்கு மேலே சொன்ன மைட்டோகாண்ட்ரியா வழி. இரண்டும் திறந்திருக்க வேண்டுமென்றால் வாசிப்பை இயர் 12 ஜூன் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஜூலையிலிருந்து யுகேட் வந்துவிடும், மெடிசினுக்கும் ஒக்ஸ்ஃபோர்ட் கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்ப முடிவு 15 அக்டோபர். மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு.